எண்பது அடி

இந்தக் குட்டையின் ஆழம் பாஸ்டருக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும். எண்பது அடி.
ஒவ்வொரு அடிக்கும் நான் டிரில் பிடித்திருக்கிறேன்.
கம்பெனி கேட்டைப் பூட்டிவிட்டுப் போய்
மூன்று மழைக்காலம் கழிகிறவரை
இது குட்டையே இல்லை.
ஜெகதேவிக் குன்றின் இடுப்பிலிருந்து
கறுப்புக் கல் கட்டம் கட்டமாகக் கப்பலேறிய இடம்.
இந்தப் பள்ளத்தின் மறுபாதிமேல்
எந்த தேசத்திலோ யாரோ
வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பாஸ்டர் யோபுவுக்கு இது யோர்தான்.
"கால் எட்டுற இடம் எது மாதப்பா?"
லாரி இறங்கிய சரிவைக் காட்டினேன்.
அங்கே இடுப்பளவு.
மூன்று எட்டு தாண்டினால் செங்குத்து.

சின்னபாப்பா கரையில் நிற்கிறாள்.
மாம்பழக் கூழ் கம்பெனி கொடுத்த பையில்
மாற்றுத்துணி.
அவளுடைய பயம் தண்ணீர் அல்ல, தாசில்தார் ஆபீஸ்.
மகள் பிளஸ் டூ.
சான்றிதழில் ஒரு வரி மாறினால்
ஸ்காலர்ஷிப் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
"பேரையாவது மாத்தாதே" என்றாள்.
மாற்றவில்லை.
மாதப்பனாகவே முழுகுகிறேன்,
செய்ததெல்லாம் அந்தப் பெயரில்தானே இருக்கிறது.

நான்கு வாரம் வகுப்பு நடந்தது,
சிமெண்ட் ஷீட் போட்ட சபையில்.
முழுக்கு என்றால் குளியல் இல்லை, என்றார்,
அதற்குச் சோப்பு போதும்.
இது அடக்கம்.
பழைய ஆளைப் புதைத்துவிட்டு எழுந்து வருவது.
மற்றவர்கள் தலையாட்டினார்கள்.
நான் ஆட்டவில்லை.
புதைப்பது எனக்குப் பழக்கம்.

திம்மராயன்.
மேல் பெஞ்ச் சரிந்த அன்று காலை
என் டிபன் பாக்ஸில் பாதிக் களி தின்றவன்.
வெடிக்காத குழி ஒன்று மிச்சம் இருக்கிறது என்று
நான் சொல்லியிருக்க வேண்டும்.
மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார்.
சொல்லவில்லை.
சாயங்காலம் வெள்ளைக் காரில் வந்தவர்கள்
ஒரு தாளை நீட்டினார்கள்.
'குடித்திருந்தான்' என்று அதில் இருந்தது.
கையெழுத்துப் போட்டேன்.
முப்பதாயிரம். வீட்டுக்கு ஓடு மாற்றினோம்.
அவன் பீடிகூடப் பற்றவைத்தது இல்லை.

பதினோரு வருஷம்.
தண்ணீர் ஏற ஏற
அவன் கிடந்த திட்டு கீழே போனது.
பச்சைத் தண்ணீர்.
ஆடுகூட யோசித்துத்தான் வாய் வைக்கும்.

சரி.
பாஸ்டரின் ஒரு கை என் பிடரியில்,
இன்னொன்று நெஞ்சில்.
"விசுவாசிக்கிறாயா?"
பதில் சொல்லிப் பழகியிருந்தோம்.
வாயில் வந்தது வேறு.
"அவன் குடிக்கலைங்க."
கரையில் கஞ்சிரா நின்றது.
"யாரு?"
"திம்மராயன். நான் போட்டது பொய்க் கையெழுத்துங்க."
கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை.
எதிர்ச் சுவரில் டிரில் கோடுகள்,
என் கோடுகள்,
வரிசையாக நின்றிருந்தன.
பிறகு பாஸ்டர் அதே கேள்வியை
மறுபடி கேட்டார், குரல் இறங்கி.
"ஆமா."

தண்ணீருக்குள் கல்தூள் வாசனை வராது.
வந்தது.
காதில் கம்ப்ரஸர் ஓடியது.
ஒரு நொடி, மேலே போகத்தான் வேண்டுமா என்றிருந்தது.
நானாக எழவில்லை.
பிடரியில் இருந்த கைதான் தூக்கியது.

எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள்.
வானம் திறக்கவில்லை.
புறா இல்லை, இரண்டு கொக்குகள்.
இலேசாகிவிடும் என்றார்களே,
நனைந்த வேட்டி கனம்தான்.

மாற்றுத்துணி வேண்டாம் என்றேன்.
அப்படியே டிவிஎஸ்ஸில் ஏறி ஒரப்பம் தாண்டிப் போனேன்.
கெம்பம்மா ராகி புடைத்துக்கொண்டிருந்தாள்.
சொன்னேன்.
முறம் நின்றது.
அழவில்லை, வையவில்லை,
மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.
"குடிகாரன் மவன்னு கேட்டுக் கேட்டு வளந்தவன்
ஷிப்ட் முடிஞ்சு சாயந்தரம் வருவான்.
அவன்கிட்ட சொல்லு.
அதுவரைக்கும் அங்கேயே நில்லு."

நின்றேன். மணி பதினொன்று.
வேட்டி முனையிலிருந்து சொட்டிய தண்ணீர்
அவள் வாசல் மண்ணில்
சின்னச் சின்னதாய்க் குழி போட்டுக்கொண்டிருந்தது.